நிறுத்தத் தெரிந்த பிறகு வாங்குங்கள்

"டூ வீலர், லைசென்ஸ் அவசியம்." வேலைவாய்ப்பு விளம்பரங்களில் சம்பளத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இந்த வரி இருக்கும். மருந்து விற்பனைப் பிரதிநிதி, கடன் வசூல், பிராட்பேண்ட் பழுது பார்ப்பவர், கூரியர் என்று வேலையின் பெயர் எதுவானாலும் சரி, இன்டர்வியூவில் படிப்பைப் பற்றிக் கேட்கும் முன்பே "வண்டி இருக்கா தம்பி?" என்று கேட்டுவிடுவார்கள். என்னிடமும் கேட்டார்கள். "இருக்கு சார்" என்றேன். இல்லை. வேலையில் சேர நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளில் ஒரு வண்டியையும், அதை ஓட்டும் அரைகுறை வித்தையையும் ஒன்றாகத் தேடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வளைவில் ஆடு குறுக்கே வந்தது. ஹேண்டில் திரும்பியிருந்த நிலையில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். கீழே மணல். நானும் வண்டியும் ஒரு பக்கம், மருந்து சாம்பிள் பை மறுபக்கம். முழங்கைத் தோல் உரிந்து எரிய எரிய மேனேஜருக்குப் போன் செய்தால், அவர் கேட்ட முதல் கேள்வி: "பை நனையலையே?"

அவர் மேல் கோபம் இல்லை. வண்டியைக் கிளப்பத் தெரிந்ததும் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்தது நான்தான். பிறகு புதிதாகச் சேர்ந்த பல பையன்களுக்கு வண்டி பழக்கியிருக்கிறேன். கிளப்புவதற்கு ஒரு மணி நேரம் போதும். நிறுத்தப் பழகத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

முதலில் எல்.எல்.ஆர்., கடைசியில் ஷோரூம்

நம் ஊரில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் வண்டி வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்புறம் தெருவில் பழகி, போலீஸ் பிடித்த பிறகு லைசென்ஸுக்கு ஓடுகிறோம். வேலை தேடும் காலத்திலேயே எல்.எல்.ஆர். எடுத்து வையுங்கள். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸுக்கான டெஸ்ட். அந்த 30 நாளைக் காத்திருக்கும் காலம் என்று நினைத்து வீணாக்காமல் பழகுங்கள். வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' போர்டு இருக்க வேண்டும். பின்னால் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்கூட்டியில் டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டினால், அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாதவர் கணக்குதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாய். பணம்கூடப் போகட்டும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டிப் பார்க்கும் காகிதமே அதுதான். விண்ணப்பிக்கும்போதே கியர் உள்ள வண்டி என்று போடுங்கள்.

பழகுவதற்கு மாமா வண்டியோ நண்பன் வண்டியோ போதும். பழைய 100 சி.சி. வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. கீழே விழுந்தாலும் பெட்ரோல் டேங்கில் ஒரு பள்ளம், ஒரு இண்டிகேட்டர், அவ்வளவோடு போகும். முதல் தவணை கட்டாத புது வண்டியில் விழுந்தால் வலி இரண்டு இடத்தில்.

எந்த வண்டி என்பதைப் பாதை சொல்லும்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: தினம் எத்தனை கி.மீ., எப்படிப்பட்ட சாலை, இரவில் வண்டி எங்கே நிற்கும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து தாமாகக் கழன்றுவிடும்.

தினம் போக வர 40 கி.மீ., மாதம் 26 நாள் என்றால் 1,040 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டிக்கு மாதம் சுமார் 17 லிட்டர், 35 தரும் வண்டிக்கு 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. முதல் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை, ஒரு வாரச் சாப்பாடு.

அடுத்தது உட்காரும் உயரமும் எடையும். பைக் விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பெரிதாகவும் இந்த இரண்டையும் சிறிதாகவும் போடும். புதியவர் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மி.மீ., எடை 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-ன் சீட்டும் 790 மி.மீ.தான், ஆனால் எடை 181 கிலோ. கிளாசிக் 350 இன்னும் கனம், 195 கிலோ. யமஹா ஆர்15-ல் சீட் 815 மி.மீ. ஐந்தடி மூன்று அங்குலம் உள்ளவர் அதில் உட்கார்ந்தால் சிக்னலில் கட்டைவிரல்தான் தரையைத் தொடும். ஓடும்போது கனம் தெரியாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவில், ஆபீஸ் முடிந்த களைப்பில், பின்னுக்கு உருட்டி எடுக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். ஆகவே ஷோரூமில் உட்கார்ந்து கண்ணாடியில் அழகு பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பாதமும் தரையில் படிகிறதா பாருங்கள். இறங்கி நின்று, பத்தடி பின்னால் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டு எடுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

என் கணிப்பு இதுதான். நகருக்குள் மட்டும் என்றால் 100 முதல் 125 சி.சி. போதும். ஒரகடம், ஓசூர், கோவை அவினாசி சாலை மாதிரிப் பெரிய சாலைகளில் தினமும் லாரிகளோடு போக வேண்டும் என்றால் 150, 160 சி.சி. வண்டி உதவும். லாரியைத் தாண்டும்போது கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும் என்பது ஒரு காரணம், பிரேக் இன்னொரு காரணம். 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும் அடுத்த ஆண்டு முதல் எல்லா மாடல்களுக்கும் 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அவசரத்தில் இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். 125-க்கும் அதற்குக் கீழும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று அப்போது விதி வைத்தார்கள். அதில் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். உதவிதான், ஆனால் ஏ.பி.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

350-ல் தொடங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. திருவொற்றியூரில் 1950-களில் தயாராகத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு வம்சம் அது, ஆசை வரத்தான் செய்யும். இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நகர வேலைக்கு அருமை. ஆனால் மூன்றாவது கேள்விக்குத் திரும்புங்கள்: இரவில் எங்கே நிற்கும்? திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்றாவது மாடியில் இருப்பவர் சார்ஜ் ஒயரை எங்கிருந்து இழுப்பார்?

ஆன்-ரோடு விலையும் டியூவும்

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. அதன் மேல் தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி: ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. பிறகு இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், "ஆக்சசரிஸ் பேக்கேஜ்". கடைசியில் சொன்னது கட்டாயம் இல்லை என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு வரியையும் தனியாக எழுதி வாங்குங்கள். சேலை கார்டும் பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும் மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். இரண்டும் விதிப்படி இருக்க வேண்டியவை, சக்கரத்தில் துப்பட்டா சிக்காமல் தடுப்பது அந்த கார்டுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40. விலைப்பட்டியல் பழையதா புதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் என்றால் ஒரே கேள்வி: வட்டி ஃபிளாட்டா, குறையும் பாக்கி மீதா? ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் ஃபிளாட், மூன்று வருடம் என்றால் வட்டி 30,000, மாதத் தவணை சுமார் 3,611 ரூபாய். நீங்கள் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடும். பாக்கி மீதான வட்டியாகக் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். "பத்து பர்சென்ட்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு குழி இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். "அஞ்சு வருஷம் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அது நீங்கள் இடித்தவருக்கான காப்பீடு. உங்கள் வண்டிச் சேதத்துக்கும் திருட்டுக்கும் உள்ளது தனி, பெரும்பாலும் ஒரு வருடம்தான். இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விட்டு, வண்டி காணாமல் போனால் தவணை மட்டும் மிஞ்சும். கூடவே உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஏற்கெனவே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். காலையில் குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் தெரிய வேண்டும். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, பின்னால் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா, சேசிஸ் எண் ஆர்.சி. புக்கோடு பொருந்துகிறதா, பாக்கி அபராதம் உண்டா, கடன் இருந்தால் ஃபைனான்ஸ் என்.ஓ.சி. வந்ததா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் வாங்கும் வண்டி உங்களுடையது இல்லை, உங்களிடம் நிற்கிறது, அவ்வளவுதான்.

தலைக்கு ஒதுக்கிய பணம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 64,105.

2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். பிளாட்பாரத்தில் கிடைப்பது தொப்பி. புருவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றித் தலையின் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டிவிட்டுத் தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னம் லேசாக அழுந்த வேண்டும், பதினைந்து நாளில் உள்பஞ்சு உங்கள் முகத்துக்குப் பழகிவிடும். தாடைவரை மூடும் ஃபுல் ஃபேஸ் வாங்குங்கள். நிறமில்லாத வைசர் வாங்குங்கள், கறுப்புக் கண்ணாடி ஆறு மணிக்கு மேல் கண்ணைக் கட்டிவிடும். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். பட்டை போடாத ஹெல்மெட் விபத்தில் உங்களுக்கு முன்னால் பறந்துவிடும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே விரிசல் இல்லை என்று மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி ஒரு அடியைத்தான் வாங்கும்.

இரண்டாவது ஹெல்மெட்டையும் அன்றே வாங்கிவிடுங்கள். லிஃப்ட் கேட்கும் சக ஊழியரிடம் "ஹெல்மெட் இருந்தா ஏறுங்க" என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. வண்டியிலேயே ஒன்று தொங்கினால் பேச்சே வேண்டாம்.

மைதானத்தில் பத்து காலை

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடச் சொல்வார்கள். கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் பாஸ். மெதுவாக வண்டியைத் தாங்கத் தெரிகிறதா என்று பார்க்க அது நல்ல சோதனைதான். ஆனால் சாலையில் எவரும் உங்களை எட்டு போடச் சொல்வதில்லை. சாலை கேட்பது நிறுத்தத் தெரியுமா என்றுதான். அதை டெஸ்டில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலை ஆறு மணி, காலியான மைதானம், கூட ஒருவர். முதல் நாள் இன்ஜினைக் கிளப்பாமலே தள்ளிப் பழகுங்கள். சைடு ஸ்டாண்டு போடுவது, எடுப்பது, இடமும் வலமும் திருப்பித் தள்ளுவது. எடை கைக்குப் பழகும். இரண்டாம் நாள் கிளட்ச் மட்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஒரு புள்ளியில் வண்டி மெல்ல முன்னே இழுக்கும். அந்தப் புள்ளியைக் கை மனப்பாடம் செய்ய வேண்டும். நூறு தடவை செய்தால் மேம்பாலச் சரிவில் வண்டி அணையும் பயம் போய்விடும்.

கியரில் ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் லீவரின் முன்பக்கத்தை அழுத்த அழுத்தக் கியர் கூடும். 150 சி.சி.க்கு மேல் பெரும்பாலானவற்றில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை காலால் மேலே தூக்க வேண்டும். மாமாவின் பழைய வண்டியில் பழகிவிட்டு நண்பனின் புது வண்டியில் ஏறி, கியரைக் கூட்டுவதாக நினைத்து அழுத்தினால் கியர் இறங்கும், பின் சக்கரம் உதறும். வண்டி மாறினால் முதல் ஐந்து நிமிடம் கால் புதிதாகக் கற்க வேண்டும்.

இனி பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்" என்று நம் அண்ணன்மார் எல்லோரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள், உசிலம்பட்டிக்குப் பிறகு நானும் இரண்டு வருடம் காலாலேயே நிறுத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? முன்னால். பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போய் அதைத் தரையோடு அழுத்துகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். அண்ணன்மார் கண்ட ஆபத்து பொய் இல்லை, அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. ஆளைத் தூக்கி அடிப்பது, முன் பிரேக்கைத் திடீரென்று பிடுங்குவதும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதும்தான். உசிலம்பட்டியில் நான் ஒரே நேரத்தில் மூன்றையும் செய்தேன்.

பயிற்சி இப்படி. தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டில் பின் பிரேக் மட்டும் போட்டு நிறுத்தி, கோட்டிலிருந்து எத்தனை அடி வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்து முன் பிரேக் மட்டும். அடுத்து இரண்டும். மூன்றாவது தடவை எண்ணும்போது யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்காது, உங்கள் கால் எண்ணிக்கையே சொல்லிவிடும். ஹேண்டில் நேராக இருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும். லீவரை எலுமிச்சம்பழம் பிழிவது போல முதலில் மெதுவாக, பிறகு இறுக்கமாகப் பிழியுங்கள். ஈ அடிப்பது போல வேண்டாம். பிறகு 30, 40 என்று ஏற்றுங்கள். ஏ.பி.எஸ். வண்டியானால் அதை ஒருமுறையாவது வேண்டுமென்றே வேலை செய்ய வையுங்கள். லீவர் விரலுக்குள் துடிக்கும். அதை முதன்முதலாக லாரிக்குப் பின்னால் உணர்ந்தால் பயந்து பிரேக்கை விட்டுவிடுவீர்கள்.

கணக்கையும் மனதில் வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போக ஒரு வினாடி, பிறகு காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 21. அதுவே 60-ல் மொத்தம் சுமார் 40 மீட்டர் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்று டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது. சென்னையில் 2023 நவம்பரில் இருசக்கர வாகனங்களுக்கு 50 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வரம்பு வைத்தபோது எல்லோரும் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் கோடு போட்டு அடி எண்ணியிருக்க மாட்டார்கள்.

வளைவுக்கு ஒரே பாடம்: கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவீர்கள். எங்கே வெளியேற வேண்டுமோ அங்கே முகத்தைத் திருப்புங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், உள்ளே போய்ப் பிரேக் தேடாதீர்கள். இன்னொன்று விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உண்மை. 30-க்கு மேல் வண்டியை வலது பக்கம் சாய்க்க, வலது ஹேண்டிலை லேசாக முன்னே தள்ள வேண்டும். எல்லோரும் தெரியாமலே இதைச் செய்கிறோம். தெரிந்து செய்தால் ஆட்டைச் சுற்றிப் போகலாம்.

சாலைக்கு வந்த பிறகு

ஒரே நாளில் எல்லாச் சாலைக்கும் போகாதீர்கள். முதல் வாரம் ஞாயிறு காலைத் தெருக்கள், அடுத்தது கூட்டமில்லாத மெயின் ரோடு, பிறகு பீக் அவர். இரவும் மழையும் கடைசியில்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு வினாடி இடைவெளி வேண்டும். அது ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "மதுரை மீனாட்சி" என்று நிதானமாக இரண்டு தடவை சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்களும் கம்பத்தைத் தொட்டால் நெருங்கிவிட்டீர்கள். அந்த இடைவெளியில் ஷேர் ஆட்டோ நுழையும். நுழையட்டும், மறுபடி பின்வாங்குங்கள். ஷேர் ஆட்டோவின் பிரேக் லைட்டை நம்பாதீர்கள், சாலையோரம் கை நீட்டி நிற்கும் ஆளைப் பாருங்கள். அவர் கைதான் பிரேக் லைட்.

நின்ற பஸ்ஸின் இடப்புறம் நுழையாதீர்கள், இறங்குபவர்கள் அங்கேதான் கால் வைப்பார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் தொழிற்பேட்டைச் சாலைகளில், லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் இல்லை. இடப்பக்கம் திரும்பும் நீள லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். அந்த மூலையில் பைக் நிற்கக் கூடாது.

முதல் மழையின் முதல் கால் மணி நேரம்தான் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் குழம்பாகும். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, மேன்ஹோல் மூடி, வெள்ளைக் கோடு, இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். தேங்கிய தண்ணீரில் முன்னால் போகும் வண்டியின் தடத்திலேயே போங்கள். ரெயின்கோட் சட்டை பேன்ட் தனித்தனியாக இருப்பது நல்லது. அங்கி மாதிரிப் பறப்பது சக்கரத்தைத் தேடிப் போகும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வீடு திரும்புபவர்களுக்கு மழையைவிடத் தூக்கம் பெரிய எதிரி. கண் எரிகிறது, கடந்து வந்த இரண்டு சிக்னல் ஞாபகம் இல்லை என்றால் வண்டியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு பஸ் பிடியுங்கள். குடித்த கணக்கு சட்டத்தில் 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. அதைத் தாண்டாமல் குடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பதில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்று. எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், காற்று பிடிக்கும் பையனின் மனதில் இருப்பது வேறு. செயினுக்கு எண்ணெய், பிரேக் லைட் எரிகிறதா என்று சுவரில் ஒரு பார்வை. இரண்டு நிமிடம்.

ஆபீஸில் பேச வேண்டியவை

வேலைக்கு வண்டி கட்டாயம் என்றால், சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: கிலோமீட்டருக்கு எவ்வளவு? அந்தத் தொகை பெட்ரோலுக்கு மட்டுமா, டயர், சர்வீஸ் தேய்மானத்துக்கும் சேர்த்தா? குழு விபத்துக் காப்பீடு உண்டா? இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கணக்குக் கேட்கிற ஆள் கணக்குக் கொடுப்பான் என்று நினைக்கும் மேனேஜர்களும் இருக்கிறார்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்கோ வேலையிலிருந்து வீட்டுக்கோ போகும் வழியில் நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளப்படும். இது தெரியாமல் "ரோட்டுல விழுந்தேன், அது என் தலையெழுத்து" என்று சொந்தச் செலவில் மருத்துவம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அடிபட்டால் அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 108-க்கு அழைத்து, இன்னுயிர் காப்போம் திட்டத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போனால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பு. 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது.

அப்புறம் போன். களப்பணி ஆட்களை மேனேஜர் சரியாகச் சாலையில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார். முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்: "சார், வண்டில இருந்தா எடுக்க மாட்டேன், நிறுத்திட்டுப் பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்." முதல் தடவை முகம் சுளிப்பார். பத்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிட்டீர்களானால் மூன்றாவது தடவை பழகிவிடுவார். தோளுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு ஆர்டர் எடுத்த என் சக ஊழியர் ஒருவர் அந்த மாத டார்கெட்டை முடித்தார், அடுத்த மூன்று மாதம் கட்டிலில் படுத்திருந்தார்.

வேலைக்குச் சேரும் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு, ஆபீஸ் வரை ஒருமுறை போய்விட்டு வாருங்கள். எங்கே வெள்ளையடிக்காத ஸ்பீடு பிரேக்கர், எந்த வளைவில் மணல், எந்த யூ-டர்னில் எதிர்த் திசையில் ஆட்டோ வரும், பங்க் எங்கே, பஞ்சர் கடை எங்கே என்று பார்த்து வையுங்கள். திங்கள் அன்று அரை மணி முன்னால் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்து, வாட்ச்மேன் அண்ணன் காட்டும் இடத்தில் கெத்தாக இறங்கும்போது சைடு ஸ்டாண்டு போட்டோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது விழுகை அங்கேதான் நடந்தது, மொத்த ஆபீஸும் பார்த்துக்கொண்டிருக்க.